சென்ட்ரல் பக்கத்தில் ஒரு பூங்கா இருந்தது

மொரப்பூரில் ரயில் ஏறி சென்னை சென்ட்ரலில் இறங்கினால், பக்கத்திலேயே விக்டோரியா ஹால், ரிப்பன் மாளிகை, கொஞ்சம் தள்ளி நேரு ஸ்டேடியம். இதெல்லாம் ஒரு காலத்தில் ஒரே பூங்கா! கவர்னர் ட்ரெவெல்யன் 1859-ல் ஆரம்பித்த பீப்பிள்ஸ் பார்க். கட்டடம் கட்டடமாக முளைத்து, பூங்கா கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டது.

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கும் 1970-களில் பாழாய்க் கிடந்ததுதான். 1980-ல் ஊர்மக்கள் மாநகராட்சியோடு சேர்ந்து ஒரு அமைப்பு தொடங்கி, நன்கொடை திரட்டி 843 ஏக்கரையும் மீட்டார்கள்.

நம்மால் முடியாதா? போன வருஷம் ஊரில் மரக்கன்று நட வசூலுக்குப் போனேன். "கணக்கு காட்டுவியா தம்பி?" என்றார் ஒரு பெரியவர். கோபம் வந்தது. ஆனால் பி.காம். படிக்கிற என்னிடம் ஒரு ரசீது புத்தகம்கூட இல்லையே!

இந்த ஞாயிறு ரசீதோடு அவர் வீட்டுக்குத்தான் முதலில் போகிறேன். கூட யாராவது வர்றீங்களா?