எஞ்சினுக்குள்ள தட்டுறது ஆர்?

2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய வானுக்கும் பவுண் விலையாய் இருந்தது. அந்த விலைக்குத்தான் நாங்கள் நாலுபேர் காசு சேர்த்து, பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தி இறக்க ஒரு பெற்றோல் வான் வாங்கினோம். மூண்டாம் நாள் 'டொக் டொக்' எண்டு சத்தம்.

"தடிப்பான ஒயில் விடுங்கோ, அடங்கும்" எண்டு பலர் சொல்லிச்சினம். சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது.

ஒயில் மட்டம் பார்த்தோம், சரி. பிறகு காதைக் கொடுத்தோம். ஏத்தத்தில மிதிக்கேக்க மட்டும் கிணுகிணுத்தால், 92 ஒக்ரேனை விட்டு 95 அடிச்சுப் பார்க்கலாம். குளிர்ல தட்டி, சூடானதும் நின்றால் பெரும்பாலும் பிஸ்டன். சூடாகச் சூடாகக் கூடினால் பெயாரிங்கைச் சந்தேகிக்க வேணும். எங்கட சத்தம் கூடினது.

கராஜ் அண்ணா பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழட்டினார். மூண்டாவதில சத்தம் பாதியாகக் குறைஞ்சது. "இந்தச் சிலிண்டர்ட பெயாரிங்தான் தம்பியவை. இனி ஓடாதேங்கோ, கொன்றோட் உடைஞ்சால் புளொக்கும் போயிடும்."

தடிப்பு ஒயில் விட்டு வித்திடுவம் எண்டும் ஒரு கதை வந்தது. வாங்கிறதும் எங்களைப் போல நாலுபேராய்த்தான் இருக்கும். ஏறப்போறதும் பிள்ளையள்தான்.

எஞ்சினை இறக்கினோம்.