திருப்பாச்சேத்திக்குப் போன அரிவாள்மணை

திருப்பாச்சேத்தி என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது, சினிமாவில் வீச்சரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள்தான். மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், வேறு மாதிரி சொல்வார்கள். "எங்க வீட்டு அருவாமணை அந்த ஊருதான், எங்கம்மா காலத்துலேர்ந்து இருக்கு" என்பார்கள். சண்டைக்குப் பேர் வாங்கிய ஊர் என்றாலும், பட்டறைகளில் அதிகம் பிறப்பதென்னவோ கதிர் அரிவாளும், தேங்காய் வெட்டும் அரிவாளும், கறி நறுக்கும் கத்தியும்தான். அந்த ஊருக்கு நானும் என் மாமியாரும் போய்வந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

மதுரையிலிருந்து மானாமதுரை போகும் வழியில், சுமார் முப்பது கிலோமீட்டரில் இருக்கிறது ஊர். ராமேசுவரம் போகும் பாசஞ்சர் ரயிலிலும் போகலாம். நாங்கள் பஸ்ஸில் போனோம். சிலைமான் தாண்டினால் கீழடிக்குத் திரும்பும் பாதை. 2023-ல் திறந்த அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் திருப்புவனம். வைகை ஆறு பக்கத்திலேயே கூடவே வருகிறது. தண்ணீர் இருக்கிற நாளைவிட மணல் தெரிகிற நாள்தான் அதிகம் என்றாலும், கரையோரத்துத் தென்னையும் வாழையும் கண்ணுக்குக் குளிர்ச்சி.

எங்கள் மடியில் ஒரு சாக்கு மூட்டை. கண்டக்டர் குனிந்து பார்த்தார். "என்னம்மா அது?"

"அருவாமணைப்பா" என்றார் அத்தை.

"திருப்பாச்சேத்திக்கே அருவா கொண்டுபோறீங்களா! சரி, பத்திரமா வச்சுக்குங்க" என்று சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார்.

அத்தைக்கு எழுபத்து நாலு வயது. அந்த அரிவாள்மணை 1971-ல் கல்யாணச் சீரோடு வந்தது. எங்கள் வீட்டில் காய் நறுக்குவது எப்போதும் அத்தையின் வேலை. காலையில் ஆறரை மணிக்கு முறத்தையும் மணையையும் எடுத்துப் போட்டு உட்கார்ந்தால், பீன்ஸ் பொரியலுக்கு ஊசி ஊசியாக விழும். இரண்டு வருஷமாக விரல் மூட்டுகளில் வீக்கமும் வலியும். அரிவாள்மணையில் கத்தி நகராது. காயைத்தான் நாம் அதன் மேல் தள்ள வேண்டும். கூர் மழுங்க மழுங்க, தள்ளுகிற கைக்குத்தான் பாரம். சேனைக்கிழங்கும் பூசணியும் அவரால் முடியாமல் போயிற்று. பிறகு கத்திரிக்காய்கூட நசுங்கியது. எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த சாணைக்காரரையும் ஒரு வருஷமாகக் காணோம்.

என் கணவர் நல்ல எண்ணத்தில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கத்தியும் பலகையும் வாங்கி வந்தார். நான் நின்றபடியே நறுக்க ஆரம்பித்தேன். வேலை நடந்தது. ஆனால் அத்தை சமையலறைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். டீ.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "எனக்கு இனிமே இந்த வீட்ல என்னம்மா வேலை இருக்கு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வலிக்கு மாத்திரை உண்டு. அந்தக் கேள்விக்கு எந்த டாக்டர் மருந்து எழுதுவார்? அந்த வாரமே கிளம்பிவிட்டோம்.

பட்டறை என்றால் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். கொட்டகை, நடுவில் உலை, பட்டைக்கல், தொட்டியில் தண்ணீர். முன்பு துருத்தி ஊதுவார்கள். இப்போது சின்ன மின்விசிறி காற்றூதுகிறது. மூலையில் பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டைகள் அடுக்கிக் கிடந்தன. அரிவாளுக்கு அந்த இரும்புதான் தோது. வளைந்தாலும் உடையாது, கூரும் நிற்கும். ஆசாரி இடுக்கியில் பிடித்துத் திருப்ப, அவர் மனைவி சம்மட்டியைத் தூக்கி அடித்தார். அடி ஒன்றுகூடத் தப்பவில்லை! எனக்கோ பார்த்துக்கொண்டிருந்ததிலேயே தோள் வலித்தது.

அத்தை மூட்டையைப் பிரித்தார். ஆசாரி மணையை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலைக் குறுக்காக வைத்துத் தடவிப் பார்த்தார்.

"இரும்பு இன்னும் உசுரோட இருக்கு ஆத்தா. வாய்தான் செத்துப்போச்சு. யாரோ மெஷின்ல கொடுத்து வேகமா ஓட்டியிருக்காங்க. இந்த நீலத்தைப் பாருங்க."

பார்த்தேன். கூர் ஓரத்தில் ஒரு இடத்தில் நீலம் பாய்ந்திருந்தது. எமரிச் சக்கரம் வேகமாகச் சுற்றும்போது இரும்பில் நெருப்புப்பொறி பறக்கிறதே, அந்தச் சூடு மெல்லிய கூரில்தான் முதலில் ஏறுகிறது. நீலம் தெரிந்தால் சூடு ஏறக்குறைய முந்நூறு டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அதோடு பதம் போய் இரும்பு மெதுவாகிவிடும். அப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் நாலு நாளில் மழுங்கும்.

"புதுசே வாங்கிக்கட்டுமா தம்பி?" என்றார் அத்தை தயக்கத்தோடு.

"எதுக்கு? புதுசு வித்தா எனக்கு லாபம்தான். ஆனா இதுல அடிச்ச கை எங்கப்பாவோ, பெரியப்பாவோ. இன்னும் இருபது வருஷம் தாங்கும்."

மணைப்பலகையிலிருந்து கத்தியைக் கழற்றினார். உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, ஓரத்தைத் தட்டி மெலிசாக்கி, மறுபடியும் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தார். ‘சுர்ர்ர்’ என்று ஆவி கிளம்பியது. அப்படியே விட்டால் கூர் கண்ணாடி மாதிரி உதிருமாம். அதனால் திரும்ப இலேசாகச் சூடு காட்டி, நிறத்தைப் பார்த்து நிறுத்தினார். அதற்குத்தான் ‘பதம் பார்க்கிறது’ என்று பேர். வாணலியில் பாகு பதம் பார்க்கிற நமக்கு அது புரியாதா என்ன! கடைசியில் அரத்தால் ராவி, கல்லில் தீட்டி, பலகையில் இறுக்கிக் கொடுத்தார்.

ஆசாரியின் மனைவி உள்ளேயிருந்து ஒரு வெங்காயம் கொண்டுவந்தார். அத்தை அங்கேயே உட்கார்ந்து வைத்தார். தள்ளவே இல்லை, வெங்காயம் தானாகப் போன மாதிரி இருந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு துண்டு, இன்னொரு துண்டு என்று முழு வெங்காயத்தையும் நறுக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

கிளம்பும்போது ஆசாரி சொன்ன ஒரு வார்த்தைக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்: "வருஷத்துக்கு ஒருதரம் எங்கிட்ட வாங்க. பாக்கி நாளெல்லாம் நீங்களே தீட்டிக்கலாம். கூர் போனப்புறம் தீட்டறதைவிட, போகாமப் பாத்துக்கறது சுலபம்."

வீட்டில் தீட்ட என்ன வேண்டும்? இருபுறமும் உள்ள ஒரு சாணைக்கல். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ். பாத்திரக் கடையிலோ ஹார்டுவேர் கடையிலோ கிடைக்கும். நம்பர் போட்ட கல்லானால், வீட்டுக் கத்திக்கு ஆயிரம் நம்பர் போதும்; பல் விழுந்த கத்திக்கு நானூறு. கறுப்பாக இருக்கும் கார்போரண்டம் கல் மணலையும் கரியையும் மின் உலையில் காய்ச்சிச் செய்வது. 1893-ல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் என்பவர் காப்புரிமை வாங்கியது. அதற்கு எவ்வளவோ காலம் முன்பே நம் ஊரில் குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்திருக்கிறார்கள். வைரத்துக்கு அடுத்தபடி கடினமான கல் இது. மாணிக்கமும் நீலமும் இதே ஜாதி. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கம் கிடைக்கிறது. இங்கிலீஷில் ‘கொரண்டம்’ என்கிறார்களே, அந்தப் பேரே நம் ‘குருந்தம்’ போட்ட பிச்சைதான்!

கத்தி தீட்டும் முறை இது. கல்லுக்கடியில் ஈரத்துணி மடித்துப் போட்டால் நகராது. கல்லில் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். கத்தியைப் படுக்க வைத்து, முதுகை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். கத்தி நாலு சென்டிமீட்டர் அகலமானால் முதுகு ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும். ஏறக்குறைய சுண்டுவிரல் கனம். அந்தச் சாய்வு மாறாமல், குதியிலிருந்து நுனிவரை பத்துப் பன்னிரண்டு தடவை இழுங்கள். எதிர்ப்பக்கத்து ஓரத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டும். கூர் நெடுக விரலை ஓட்டாமல், குறுக்காகத் தொட்டுப் பாருங்கள். பிசிறு தட்டினால் அந்தப் பக்கம் முடிந்தது, மறுபக்கம் தீட்டலாம். கடைசியில் நைஸ் பக்கத்தில் இரண்டு பக்கமும் மாறி மாறி மெதுவாக இழுத்தால் பிசிறு விழுந்துவிடும். தக்காளித் தோலில் வைத்துப் பாருங்கள். அழுத்தாமல் இறங்கினால் பாஸ்!

அரிவாள்மணைக்கு இது தலைகீழ். கத்தி நிற்கும், கல் நகரும். மணையை வீட்டில் ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, ஈரக்கல்லைக் கூரை ஒட்டிச் சாய்த்து மேலும் கீழும் தேயுங்கள். விரல்கள் கல்லின் மேல்பக்கமே இருக்கட்டும். கூரைத் தாண்டி வரக்கூடாது. கல் இல்லாத அவசரத்துக்கு, ஊறுகாய் ஜாடியின் அடியில் மெருகு பூசாத வளையம் இருக்குமே, அதில் நாலு இழுப்பு இழுத்தாலும் அன்றைய சமையல் ஓடிவிடும். ரொட்டி வெட்டும் பல் கத்தியை மட்டும் தீட்டாதீர்கள்.

எவர்சில்வர் தட்டிலும் கிரானைட் மேடையிலும் வைத்து நறுக்கினால் கூர் உடனே போகும்; மரப்பலகைதான் நல்லது. இரும்புக் கத்தியைக் கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். துரு அண்டாது.

‘கூர் இருந்தால் கை வெட்டிக்கொள்ளுமே’ என்று பயப்படும் இளம் தாய்மார்களுக்கு ஒன்று சொல்கிறேன். மழுங்கின கத்திதான் அதிக ஆபத்து. அழுத்தி நறுக்குவோம், வழுக்கும், விரலில் பாயும். கண்ணீர்கூடக் குறையும் தெரியுமா? மழுங்கிய கத்தி வெங்காயச் சாற்றை அதிகமாகத் தெறிக்கவைக்கிறது என்று அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2025-ல் கண்டு சொல்லியிருக்கிறார்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில், வேலை முடிந்ததும் மணையைப் படுக்கவைத்து உயரத்தில் வைத்துவிடுங்கள். கை வெட்டுப்பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள். ஆழமான காயமென்றாலோ துருப்பிடித்த இரும்பென்றாலோ, டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஆறரை மணிக்கு மணை போடும் சத்தம் கேட்கிறது. சேனையும் பூசணியும் என் பொறுப்பு. பீன்ஸ், வெண்டைக்காய், கீரை அத்தையினுடையது. ஞாயிற்றுக்கிழமை தீட்டுவது என் பெண். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "சாய்வு மாறுது பாரு" என்று அதட்டுகிறார்.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தெருவில் வரும் சாணைக்காரரை மறந்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் சாணைச் சட்டத்தைத் தோளில் சுமந்து வந்தார்கள். பிறகு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்தார்கள். இப்போது சிலர் மொபெட் இன்ஜினில் ஓட்டுகிறார்கள். கத்தரிக்கோலுக்கும் மிக்ஸி பிளேடுக்கும் அவர்தான் வேண்டும். பக்கத்திலேயே நின்று, "அண்ணே, அடிக்கடி தண்ணில தோய்ச்சுப் பிடிங்க, நீலம் பாயவிடாதீங்க" என்று சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் சந்தோஷப்படுவார். பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் சொல்லிவிடுங்கள். நாலு வீட்டில் வேலை கிடைத்தால்தான் அடுத்த மாதமும் அந்தத் தெருவுக்கு அவர் வருவார்.