பழைய மைசூர் சாலையின் பொம்மைக் கடைகள்

2023 மார்ச் 12 அன்று பெங்களூரு – மைசூரு விரைவுச்சாலை திறக்கப்பட்டது. ஏறக்குறைய 119 கிலோமீட்டர். மூன்று மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரமாகிவிட்டது என்று எல்லாப் பத்திரிகைகளும் முதல் பக்கத்தில் எழுதின. அதைத் தொடர்ந்த வாரங்களில் உள்பக்கங்களில் இன்னொரு செய்தி வந்தது. பிடதி, ராமநகரம், சென்னபட்டணா, மத்தூர், மண்டியா என்று வழியிலிருந்த ஊர்களையெல்லாம் புறவழியில் சுற்றிக்கொண்டு போகிறது புதிய சாலை. அதனால் சென்னபட்டணாவின் பொம்மைக் கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது, கடைக்காரர்கள் கவலையில் இருக்கிறார்கள் என்றது அந்தச் செய்தி.

சென்னபட்டணாவைத் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியும். தசரா பார்க்க மைசூருக்குக் காரில் போன குடும்பங்களில், அங்கே இறங்கி நடைவண்டியோ பம்பரமோ வாங்காத குடும்பம் குறைவு. எங்கள் வீட்டுக் கொலுவிலும் அந்த ஊர் மரச்செட்டியாரும் செட்டியாரம்மாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைகள் என்னவாயின என்று நேரில் பார்க்க விரும்பினேன். பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்குக் கன்னடமும் உருதுவும் தெரியும். சென்னபட்டணாவில் கடைசல் வேலை செய்யும் ஒருவரோடு பல வருடப் பழக்கமும் உண்டு. அந்த நண்பரோடு கிளம்பினேன். விரைவுச்சாலையில் போகாமல் பழைய சாலையிலேயே போனோம்.

பெங்களூரிலிருந்து அறுபது கிலோமீட்டர். ஊருக்குள் நுழையும்போதே 'கொம்பெகள ஊரு', அதாவது பொம்மைகளின் ஊர், என்கிற பலகை. சாலையின் இருபக்கமும் ஒற்றை ஷட்டர் கடைகள். வாசலில் சிவப்பும் மஞ்சளுமாக ஆடுகுதிரைகள் நிற்கின்றன. உள்ளே பம்பரம், கிலுகிலுப்பை, வளையம் அடுக்கும் கோபுரம், மணிச்சட்டம், நடைவண்டி, குங்குமச் சிமிழ், வளையல், திரைச்சீலைக்கு மாட்டும் வளையம், பேனா தாங்கி, சமையலறைக் கரண்டி, சாவிக்கொத்து. குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் வாங்க வந்தவர்கள் வீட்டுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு போகிற மாதிரியான கடைகள் இவை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு முகம் இருந்தது. ஒன்றில் தாத்தா கல்லாவில் இருக்க, பேத்தி சாமானைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் கடைக்காரரே வாசலில் உட்கார்ந்து பம்பரம் விட்டுக் காட்டினார்; சாலையில் போகிற ஒரு குழந்தையாவது திரும்பிப் பார்க்காதா என்று.

சில கடைகளில் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. திறந்திருந்த கடைகளிலும் பாதி இடத்தை பிளாஸ்டிக் துப்பாக்கியும் பேட்டரி காரும் பிடித்துக்கொண்டிருந்தன. "பிள்ளைங்க அதைத்தான் கேக்குறாங்க, என்ன பண்றது?" என்றார் ஒரு கடைக்காரர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாடகை கொடுக்க வேண்டியவர் அவர்.

நண்பருக்குத் தெரிந்தவரின் கடை சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. முன்னால் கடை, பின்னால் பட்டறை. அறுபதைத் தாண்டியவர். ஊரில் எல்லோரும் அவரை 'பாய்' என்றே கூப்பிட்டார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். தாத்தா, அப்பா, இவர் என்று மூன்று தலைமுறைக் கடைசல். திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகத்திலிருந்து வந்த கைவினைஞர்கள் சொல்லிக்கொடுத்த வேலை இது என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஜப்பானிய முறைகளைப் பார்த்து இந்தத் தொழிலைப் புதுப்பித்தவர் என்று பாவாஸ் மியானை இங்கே எல்லோரும் மரியாதையோடு நினைவுகூர்கிறார்கள். பாயும் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

பட்டறையில் மூலையில் மரக்கட்டைகள் அடுக்கியிருந்தன. இங்கே ஆலெ மரம் என்கிறார்கள். நம் ஊர் வெட்பாலைதான் அது. சித்த வைத்தியர்கள் தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சுவார்களே, அதே மரம். அறுத்தால் தந்தம் மாதிரி வெள்ளையாக இருக்கும், இழை நெருக்கமாக இருக்கும், உளிக்கு வளைந்து கொடுக்கும். ஈரம் வற்ற மாதக்கணக்கில் காயவிட வேண்டும். அவசரப்பட்டுக் கடைந்தால் பின்னால் வெடித்துவிடும். இப்போது இந்த மரம் கிடைப்பது அரிதாகிவிட்டதால் ரப்பர் மரத்திலும் செய்கிறார்கள்.

பாய் ஒரு கட்டையை எடுத்துக் கடைசல் இயந்திரத்தில் பொருத்தி மோட்டாரைப் போட்டார். உளி பட்டதும் சுருள் சுருளாக மரம் உரிந்து விழுந்தது. கட்டை உருண்டையாகி, இடுப்பு ஒடுங்கி, அடியில் முனை வந்து, பம்பரமாயிற்று. அளவுகோல் எதையும் அவர் எடுக்கவில்லை. உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. அதன்பிறகு அரக்குக் குச்சி. அரக்கு பெரும்பாலும் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் பூச்சிகள் மரக்கிளையில் உண்டாக்குவது. அதைச் சூட்டில் இளக்கி நிறம் சேர்த்துக் குச்சியாக உருட்டிவைக்கிறார்கள். அந்த வேலை வேறொரு வீட்டில் நடந்தது. நாங்கள் போன நேரத்தில் அங்கே அடுப்பு மூட்டவில்லை.

சுழல்கிற மரத்தின் மேல் சிவப்பு அரக்குக் குச்சியை வைத்து அழுத்தினார். உராய்கிற சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஒட்டியது. பக்கத்தில் மஞ்சள், அதற்குப் பக்கத்தில் பச்சை. பிரஷ் கிடையாது, பெயின்ட் கிடையாது, காய வைக்கும் நேரமும் கிடையாது. ஆனால் நிறம் திட்டுத் திட்டாக, மங்கலாக இருந்தது. இவ்வளவுதானா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகைக்கு அடியிலிருந்து காய்ந்த ஓலைத் துண்டு ஒன்றை எடுத்தார்.

தாழை ஓலை. நம் கடற்கரையோரத்திலும் வாய்க்கால் கரைகளிலும் முள்ளோடு புதராக மண்டிக் கிடக்கிற அதே தாழை. முள்ளை நீக்கிக் காயவைத்து, விரல் நீளத்துக்கு நறுக்கி மடித்து வைத்திருந்தார். அதைச் சுழலும் பம்பரத்தின் மேல் வைத்து அழுத்தினார். திட்டுகள் கரைந்தன. அரக்கு ஒரே சீராகப் பரவியது. ஒரு நிறமும் அடுத்த நிறமும் சந்திக்கிற கோடு கத்தியால் கீறியது போல நேராக நின்றது. ஓலை நகர நகர மங்கல் போய்ப் பளபளப்பு ஏறியது. மோட்டாரை நிறுத்தியதும் பம்பரத்தின் மேல் ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.

என் கவனம் பம்பரத்தை விட்டு ஓலைக்குப் போய்விட்டது. கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் அரக்கு ஏறி வழவழப்பாக இருந்தது. வேறு எதையாவது வைத்துத் தேய்த்தால் என்ன என்று கேட்டேன். "துணி வெச்சா அரக்கு துணியிலே ஒட்டிக்கும். காகிதம் கருகிடும். பிளாஸ்டிக் உருகிடும். இது மட்டும்தான் சூட்டைத் தாங்கும், அரக்கையும் விடாது, மரத்தையும் கீறாது" என்றார் பாய். ஓலை வழியாகவே அவருக்குச் சூடு தெரியும். அழுத்தம் குறைந்தால் நிறம் பரவாது. கூடினால் அரக்கு வழித்துக்கொண்டு வந்துவிடும். இதைக் கற்றுக்கொள்ளத்தான் வருடங்கள் ஆனதாகச் சொன்னார். அவருடைய வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோல் தடித்து, ரேகை தேய்ந்து, ஓலையைப் போலவே பளபளப்பாக இருந்தன. ஆதாருக்கு ரேகை பதிக்கப் போனால் இயந்திரம் எடுப்பதில்லையாம். பதின்மூன்று வயதில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். இரண்டு மகன்களில் ஒருவர் பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டுகிறார், மற்றவர் பிடதியில் தொழிற்சாலை வேலை. இருவருக்கும் உளி பிடிக்கத் தெரியும். "தெரியும், ஆனா உக்கார மாட்டாங்க. மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் வருது அங்கே" என்றார் அவர் மனைவி. பம்பரங்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார் அவர்.

சம்பளம் என்ற சொல் வந்ததும் பேச்சு கணக்குக்குத் திரும்பியது.

கடைசல்காரர்களில் பெரும்பாலானோருக்குச் சொந்தக் கடை இல்லை. நீலசந்திரா மாதிரி சுற்றுக் கிராமங்களில் வீட்டுத் திண்ணையிலும் சிறு பட்டறையிலும் கடைகிறவர்கள் எண்ணிக்கைக் கூலிக்குக் கடைகிறார்கள். மரமும் அரக்கும் வாங்கக் கையில் பணம் இருக்காது. மொத்த வியாபாரி முன்பணம் தருவார்; அல்லது மரத்தையே தருவார். முன்பணம் வாங்கிய கை அவருக்கு மட்டும்தான் சரக்கு கொடுக்க முடியும். விலையை அவரே வைப்பார். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு, விற்ற பிறகு, பண்டிகை முடிந்த பிறகு பணம் வரும். அதற்குள் அடுத்த மரத்துக்கு மறுபடி முன்பணம். மின்வெட்டு வந்தால் அன்றைய கூலி இல்லை. மரத்தூளில் நெஞ்சு அடைத்து ஒரு வாரம் படுத்தால் அந்த வாரத்துக்கும் இல்லை. அதே பம்பரம் பெங்களூரின் பெரிய வணிக வளாகத்தில், அட்டைப்பெட்டிக்குள், கைவினைப் பாரம்பரியம் பற்றி அழகான நான்கு வரிகளோடு விற்கிறது. அந்த விலையையும் பாய் சொன்ன கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மரம் காய்வதற்காக மாதக்கணக்கில் காத்திருப்பவர் ஒருவர், விரல் ரேகையை இழப்பவர் ஒருவர், லாபத்தில் பெரும் பங்கை எடுப்பவர் வேறொருவர். இதைச் சந்தை என்று சொல்லி நியாயப்படுத்த நான் தயாராக இல்லை. உழைத்தவனைக் கடனில் வைத்திருந்தால்தான் சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்று நடக்கிற வியாபாரம் சுரண்டல்.

இந்தச் சங்கிலிக்கு வெளியே பாய்க்குக் கிடைத்த ஒரே வாசல் அவருடைய கடை. சாலையில் போகிற கார் நிற்கும். குழந்தை இறங்கும். பம்பரம் விற்கும். பணம் அப்போதே கையில் விழும், முழு விலையும் விழும். அந்தப் பணத்தில்தான் அடுத்த மரத்தைக் கடனில்லாமல் வாங்கினார். சிறு ஊர் பரிசுக் கடை என்றால் நமக்குப் பயணத்தின் நடுவே கால் நீட்டிக்கொள்ளும் இடம். அவருக்கு அது வியாபாரிக்குத் தலைகுனியாமல் வாழ்ந்த இடம். விரைவுச்சாலை கார்களைக் கொண்டுபோய்விட்டது. சில மாதங்கள் தாக்குப்பிடித்துவிட்டு, தன் அப்பா காலத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு மொத்த வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சென்னபட்டணா பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு 2005-06லேயே கிடைத்தது. மாநிலக் கைவினைக் கழகம் இங்கே அரக்குக் கடைசல் வளாகம் ஒன்றை வைத்திருக்கிறது. கலாநகர் என்று கைவினைஞர்களுக்கான குடியிருப்பும் உண்டு. 2020 பட்ஜெட்டில் இறக்குமதிப் பொம்மைகளின் சுங்கவரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாயிற்று, 2023இல் 70. 2021 தொடக்கத்திலிருந்து பொம்மைக்குத் தர முத்திரை கட்டாயம் என்ற ஆணை வந்தபோது, பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு அளித்தார்கள். இவை எல்லாம் நல்லவை. சீன பொம்மை துறைமுகத்தில் தடுக்கப்படலாம். ஆனால் நீலசந்திராவின் திண்ணையில் கூலியை நிர்ணயிப்பவரை எந்த ஆணையும் தொடவில்லை. மரம் வாங்கச் சிறு கடன், விரைவுச்சாலையின் ஓய்விடங்களில் கடைசல்காரர்களே நடத்தும் கடைகளுக்கு இடம் என்கிற இரண்டையும் பாய் கேட்கிறார். பல ஆயிரம் கோடிகளில் சாலை போடத் தெரிந்த அரசுக்கு இவை பெரிய செலவே அல்ல.

கிளம்பும்போது ஆறு பம்பரமும் ஒரு குங்குமச் சிமிழும் வாங்கினேன். நண்பர் பழக்கத்தில் விலையைக் குறைக்க வாய் திறந்தார்; நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். பாயின் மனைவி ஒரு கிலுகிலுப்பையைக் கூடவே போட்டுக் கட்டிக்கொடுத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மைசூருக்குப் போகிறவர்கள் தயவுசெய்து சென்னபட்டணாவில் இறங்குங்கள். காரில் போனால் விரைவுச்சாலையை விட்டு ஊருக்குள் வாருங்கள். ரயிலில் போனால் ஊரிலேயே நிலையம் இருக்கிறது. பின்னால் பட்டறை இருக்கிற கடையாகக் கேட்டுப் போங்கள். கடைந்து காட்டச் சொன்னால் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பெயின்ட் அடித்ததில் பள்ளங்களில் நிறம் தேங்கியிருக்கும், அரக்கு ஏற்றியதில் நிறங்களுக்கு இடையே கோடு நேராக இருக்கும். பேரம் பேசாதீர்கள். கொலுவுக்கு வாங்குவதாக இருந்தால் நவராத்திரி வரை காத்திராமல் இரண்டு மாதம் முன்பே போய்விடுங்கள். முன்பணம் வாங்கலாமா வேண்டாமா என்று கடைசல்காரர் முடிவு செய்வது அப்போதுதான்.