ஒன்றாம் எண் சட்டை

பெட்டாலிங் ஜெயாவில் பிற்பகல் மூன்று மணி வெயில். திடலோரம் வரிசையாகக் கூடாரங்கள். ஒவ்வொன்றின் நிழலிலும் ஓர் அணி. ஐஸ் பெட்டி, ஈரத் துண்டுகள், தைலத்தின் நெடி. அடுத்த ஆட்டத்துக்காக ஒருவர் விரல்களில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டிருக்கிறார். நாற்பதை நெருங்கும் வயது. கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன உடம்பு. ரக்பி ஸ்க்ரமில் உரசி உரசித் தடித்த காதுகள். முதுகில் ஒன்றாம் எண்.

"அண்ணே, இன்னொரு ஆட்டம் தாங்குவீங்களா?" பக்கத்திலிருக்கும் ஒல்லிப் பையன் கேட்கிறான்.

"ஏன் தாங்காது லா?" பிளாஸ்டரைப் பல்லால் கடித்து அறுக்கிறார்.

விசில். அணிக்குப் பத்துப் பேர். முன்னணியில் ஐவர், பின்னணியில் ஐவர். பாதிக்குப் பத்து நிமிடம். திடல் மட்டும் பதினைந்து பேர் ஆடும் அதே முழுத் திடல்.

முதல் ஸ்க்ரம், பந்துக்காக இரு அணியும் முட்டித் தள்ளும் கட்டம். "க்ரவுச்... பைண்ட்... செட்!" முன்வரிசையில் மூவர், அவர்களுக்குப் பின்னால் இருவர். எதிரே அதேபோல் ஐவர். உடல்கள் மோதும் சத்தம் கூடாரம்வரை கேட்கிறது. ஒன்றாம் எண்ணின் கெண்டைக்கால்கள் புடைக்கின்றன. பூட்ஸ் ஆணிகள் மண்ணைக் கிளறுகின்றன. ஓரடி. இன்னும் அரையடி. பந்து பின்னால் வந்துவிட்டது.

பதினைந்து பேர் ஆட்டத்தில் இப்படிப்பட்ட உடம்புக்கு எதிரே எப்போதும் ஆட்கள் நிற்பார்கள். இங்கே பத்துப் பேரால் திடலை அடைக்க முடியவில்லை. திறந்த இடத்தில் பந்து அவர் கைக்கு வருகிறது. ஓடுகிறார். இருவர் இடுப்பைக் கட்டி வீழ்த்துகிறார்கள். விழும்போதே பந்தைத் தன் பக்கம் நீட்டி வைக்கிறார். முதலில் வந்து சேருகிறவன் அந்த ஒல்லிப் பையன். அவர்மேல் குனிந்து, தன்னைவிடக் கனமானவர்களுக்குத் தோள் கொடுத்துப் பந்தைக் காக்கிறான். பாரம் ஓடுகிறது, வேகம் முட்டுக்கொடுக்கிறது. பந்து பின்னோக்கிக் கைமாறி, கம்பங்களுக்கு நடுவே தரையைத் தொடுகிறது. ட்ரை, ஐந்து புள்ளி. அதன்பின் கிடைக்கும் உதையும் சேர்ந்து ஏழு.

பத்துப் பேர் ஆடும் இந்த ரக்பி ஆட்டம் பிறந்தது மலேசியாவில்தான். பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் கூடி 1967இல் தொடங்கிய கோப்ரா கழகம் வளர்த்த பிள்ளை இது. 1986 முதல் ஹாங்காங்கில், ஹேப்பி வேலி குதிரைப் பந்தயப் பாதைக்கு நடுவிலிருக்கும் கால்பந்துக் கழக மைதானத்தில், புகழ்பெற்ற எழுவர் ரக்பிப் போட்டிக்கு முந்தைய நாட்களில் ஆடப்பட்டது. மணிலா, பாங்காக் என்று பரவியது. 2017இலும் 2018இலும் பிரிஸ்பேனில் சூப்பர் ரக்பி அணிகளே இதை ஆடின. எழுவர் ஆட்டம் 2016இல் ஒலிம்பிக்கை எட்டியது. பத்துப் பேர் ஆட்டத்துக்கு அந்த மேடை கிடைக்கவில்லை. ஆனால் எழுவர் ஆட்டத்தில் காலில் வேகமில்லாதவனுக்குப் பிழைப்பில்லை. வார நாளில் வேலைக்குப் போய், வார இறுதியில் ஆட வரும் கனத்த மனிதருக்கும் ஒரு சட்டை எடுத்து வைத்திருப்பது இந்த ஆட்டம்தான். அதனாலேயே இதன்மேல் எனக்கு இத்தனை மதிப்பு.

கடைசி நிமிடம். எதிரணியின் வேகக்காரன் ஒருவன் பிய்த்துக்கொண்டு போகிறான். துரத்துகிறவர் ஒன்றாம் எண் மட்டும். எட்டிப் பிடிக்கவே முடியாது. அது அவருக்கும் தெரியும். இருந்தும் நிற்கவில்லை. உட்பக்கமாக ஓடி, கம்பங்களை நோக்கி அவன் திரும்பும் வழியை மறித்துக்கொண்டே போகிறார். வேறு வழியின்றி அவன் மூலையில் பந்தை வைக்கிறான். ஐந்து புள்ளி. பந்து வைத்த இடத்துக்கு நேரே பின்னாலிருந்துதான் உதைக்க வேண்டும். அந்தக் கோணலான மூலையிலிருந்து உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போகிறது.

ஏழுக்கு ஐந்து.

புள்ளித்தாளில் அந்த ஓட்டத்துக்கு இடமில்லை. பையன் பார்த்திருக்கிறான். தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து நீட்டுகிறான்.

"நீங்க விரட்டலைன்னா ஜெயிச்சிருக்க மாட்டோம், அண்ணே."

இரண்டு மிடறு குடித்துவிட்டு அவர் கேட்கிறார்: "அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு?"