கல்லை எறிந்தவன் யார்?

பிரயாணத்துக்கு முன் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பவர் பலர். வண்டியின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்ப்பவர் சிலரே. நானும் குனியாதவனாகவே இருந்தேன்.

மெல்பேணில் குடியேறிய பின்னர், காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் சிறிய கூடார வண்டியொன்றை வாங்கினோம். 2018ஆம் ஆண்டு அதனுடன் தென் அவுஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா வழியிற் சென்றோம். 1980இல் மூடப்பட்ட பழைய புகையிரதப் பாதையை ஒட்டி, 600 கிலோமீற்றருக்கு மேல் நீளும் வழி அது. எங்கும் செம்மண்ணும் பரற்கற்களுமே.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் மெதுவாய்ப் போங்கோ" என்றாள் மனைவி. பொழுது சாயுமுன் ஊர் சேரவேண்டுமென்ற அவசரத்தில் அதை நான் காதில் வாங்கவில்லை. திடீரென வெடிச் சத்தம் போன்றதோர் ஓசை! காரின் பின்கண்ணாடி மணிமணியாக உதிர்ந்து, உறங்கிக்கொண்டிருந்த பேரன்மீது சொரிந்தது. நல்ல காலம், பிள்ளைக்குக் காயமில்லை. பதறி இறங்கியபோது, கூடார வண்டியின் அடியில் தண்ணீர்த் தாங்கியின் குழாயும் உடைந்து, குடிநீர் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. பாலைவெளியில் அதைவிடப் பெரிய இழப்பு வேறென்ன?

சற்று முன் எம்மைக் கடந்து சென்ற லொறியை வாயாரத் திட்டினேன். அடுத்த ஊரில் வண்டி திருத்தும் முதியவரோ சிரித்தார். "கல்லை எறிந்தது உமது காரின் சில்லுத்தான்" என்றார். பின்சில்லு வீசும் கல், கூடார வண்டியின் நிமிர்ந்த முன்தகட்டில் மோதி, பந்துபோலத் திரும்பிவந்து கண்ணாடியை உடைக்குமாம். வேகம் கூடக்கூட அடியும் வலுக்குமாம்.

அவர் சொற்படி, காரின் பின்சில்லுகளுக்குப் பின்னால் தடித்த றப்பர்த் தட்டிகளைத் தொங்கவிட்டேன். காருக்கும் கூடார வண்டிக்கும் இடையே உறுதியான வலையொன்றைச் சரிவாகக் கட்டினேன். சரிவில் மோதும் கல் நிலத்தில் விழுந்துவிடும். தண்ணீர்க் குழாயையும் பிறேக் வயர்களையும் தடித்த றப்பர்க் குழாயால் மூடினேன். கற்பாதையில் ரயர்க் காற்றைச் சற்றுக் குறைத்து, தார் வீதி வந்ததும் மீண்டும் நிரப்புவதும் வழக்கமாயிற்று.

அதன்பின் இருமுறை கற்பாதைகளிற் சென்று வந்தோம். கண்ணாடி உடையவில்லை. வலை காத்தது பாதி. மெதுவாகச் சென்றது மீதி. அன்று லொறிக்காரனைத் திட்டிய வாய், இன்று மனைவியின் சொல்லுக்கு "சரி" என்கிறது. கல்லை எறிந்தது சில்லாயினும், சில்லை விரட்டியவன் நானல்லவா?