ஒரு நாழிகை வில்லன்

கண்ணாடிக் குடுவைக்குள் மிதக்கும் ஒரு கரு. அதற்குக் கோட்டு, சூட்டு. பெயர் டாக்டர் ஃபீட்டஸ். 'சூப்பர் மீட் பாய்' என்கிற வீடியோ கேமின் வில்லன் இவன்தான். நம்பியார் கையைப் பிசைந்தும் பி.எஸ். வீரப்பா சிரித்தும் மிரட்டிய காலத்து ஆள் நான். இன்னும் பிறக்கவே பிறக்காத ஒருவனெல்லாம் வில்லனா என்றுதான் முதலில் தோன்றியது. அக்கா பேரன் லீவுக்குக் குடவாசல் வந்தால் ஊஞ்சலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதைத்தான் ஆடுகிறான். நான் பேப்பரைப் பிடித்தபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாயகன் தோலே இல்லாத ஒரு சதைத் துண்டு. அவன் காதலி முழுக்க முழுக்க பேண்டேஜால் ஆனவள். பொருத்தம் பார்த்துத்தான் முடித்திருக்கிறார்கள். அவளைக் குடுவைக்காரன் தூக்கிப் போய்விட, சதைத் துண்டு ஓடுகிறது, சுவரில் ஒட்டிச் சறுக்குகிறது, எதிர்ச் சுவருக்குத் தாவுகிறது. போன வழியெல்லாம் ரத்தக் கறை. சுழலும் ரம்பம் பட்டால் சாவு. உப்புக் குவியலில் விழுந்தாலும் சாவு. தோலில்லாதவனுக்கு உப்பு வேறெப்படி இருக்கும்! எல்லாம் தப்பி அவளைத் தொடப்போகும் நேரத்தில் டாக்டர் வந்து அவளை இழுத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறான். இப்படி 300-க்கு மேல் கட்டங்கள். எட்மண்ட் மெக்மிலன், டாமி ரெஃபெனஸ் என்ற இரண்டே பேர், பெரிய கம்பெனி எதுவும் முதுகுக்குப் பின்னால் இல்லாமல், 2010-இல் கொண்டுவந்த விளையாட்டு.

செத்தால் காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் விசேஷம். கண் இமைப்பதற்குள் சதைத் துண்டு புறப்பட்ட இடத்தில் மறுபடி நிற்கிறது. அழுகை இல்லை, 'ஆட்டம் முடிந்தது' என்ற அறிவிப்பு இல்லை. பையன் சளைக்காமல் செத்துக்கொண்டிருக்கிறான், முகத்தில் துளி வெட்கம் கிடையாது.

"அந்த டாக்டர் அப்படி என்னதான்டா பண்றான்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ண மாட்டான் தாத்தா. லேட் பண்ணுவான், அவ்ளோதான்."

அதற்கப்புறம் எனக்குப் பேப்பர் ஓடவில்லை. சதைப் பிண்டம், கரு, தாமதம் என்ற மூன்றும் ஒன்றாக வரும் கதை எங்கள் ஊருக்கு ஏற்கெனவே உண்டு.

புறநானூற்றின் 74-ஆம் பாட்டு. பக்கத்து உத்தமதானபுரத்துக்காரரான உ.வே.சா. 1894-இல் அந்த நூலை அச்சிட்டார். பாடியவன் சேரமான் கணைக்கால் இரும்பொறை. சோழன் செங்கணானிடம் போரில் பிடிபட்டு, குடவாயில் கோட்டத்தில் சிறை இருந்தவன். அந்தக் குடவாயில் இந்தக் குடவாசல்தான் என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது. சிறையில் அவன் தண்ணீர் கேட்டான். காவலர்கள் உடனே கொடுக்கவில்லை. மறுபடி கேட்ட பிறகு கொண்டுவந்தார்கள். கையில் வாங்கியவன் குடிக்காமல், பாட்டைச் சொல்லிவிட்டு உயிரை விட்டான் என்கிறது பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பு.

ஏழே அடிதான். எங்கள் குடியில் குழந்தை செத்துப் பிறந்தாலும், உருவம் கூடாத வெறும் சதைப் பிண்டமாகவே வந்து விழுந்தாலும், ஆளில்லை என்று விட்டுவிட மாட்டார்கள், வாள் பட்ட பிறகுதான் மண்ணுக்குள் போகும் என்று ஆரம்பிக்கிறான். அப்படிப்பட்டவர்கள், சங்கிலி போட்ட நாயாகக் கிடந்து, பகைவன் போடும் அற்பத்தை வயிற்றுத் தீ அணையக் கெஞ்சி வாங்கிச் சாப்பிடவா என்னைப் பெற்றார்கள் என்று முடிக்கிறான். யாரையும் திட்டவில்லை. சோழன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. சாகப்போகிறவனுக்கு முதலில் நினைவு வந்தது தன் குலத்துச் சதைத் துண்டு. கலிபோர்னியாக்காரர் ஒருவர் சதைத் துண்டை நாயகனாக்கினார் என்று நாம் வாய் பிளக்கிறோம். இங்கே அதற்கு வீரமரணமே நடத்தி வைத்திருக்கிறார்கள்.

சரி, கரு எங்கே? அதுதான் செங்கணான். பெரியபுராணத்தில் இவன் கதை வருகிறது. தாய் கமலவதிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. இன்னும் ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆளும் என்கிறார்கள் சோதிடர்கள். தன்னைத் தலைகீழாகக் கட்டச் சொல்கிறாள் அவள். ஒரு நாழிகை என்றால் 24 நிமிஷம். உள்ளேயே நிறுத்தி வைக்கப்பட்ட கரு, சிவந்த கண்ணோடு வெளியே வந்தது. பெற்றவள் பிழைக்கவில்லை. தாமதத்தால் ராஜாவானவனின் சிறையில், தாமதத்தால் இன்னொரு ராஜா செத்தான்.

இந்தச் செங்கணான்தான் 63 நாயன்மாரில் ஒருவரான கோச்செங்கட் சோழர். போன பிறவியில் சிலந்தியாக இருந்து யானையோடு மல்லுக்கு நின்றவர் என்பதால், யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டினார் என்பார்கள். குடவாசல் கோணேசுவரர் கோயிலும் அந்த வகைதான். மேலே போகப் படியேறித்தான் ஆக வேண்டும். நாச்சியார்கோயில் பெருமாளைப் பாடும் திருமங்கையாழ்வார், இவர் சிவனுக்கு எழுபது மாடம் கட்டியதை அங்கே சொல்லி வைத்திருக்கிறார். மேடை மேடையாகத் தாவும் விளையாட்டுக்கு எங்கள் ஊர் ராஜாவைவிடப் பொருத்தமான கட்டம் போடுகிறவர் கிடைப்பாரா?

கோணேசுவரர் கோயில் தலபுராணத்தில் கருடனும் அமுதக் குடமும் வருகின்றன. மகாபாரதத்தில் அந்தக் குடத்தைக் காத்தது ஓயாமல் சுழலும் கத்திச் சக்கரம். கருடன் உடம்பைச் சுருக்கிக்கொண்டு அதன் ஆரங்களுக்கு நடுவே புகுந்தான். பையன் பார்த்தால் எந்தக் கட்டம் என்று சொல்லிவிடுவான். குடம் வந்து சேர்ந்ததும், அதைக் கேட்டுக் காத்திருந்த பாம்புகள் குடிக்கப் போயின. குளித்துவிட்டு வாருங்கள் என்றான் கருடன். அந்த இடைவெளியில் இந்திரன் குடத்தோடு போய்விட்டான். கடைசி நொடியில் தட்டிப் பறிப்பது தேவலோகத்திலும் நடந்திருக்கிறது.

விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு கட்டம் முடிந்ததும் வரும் காட்சி. அதுவரை செத்த சதைத் துண்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. ஒவ்வொன்றாக ரம்பத்தில் தெறிக்க, ஒன்று மட்டும் போய்ச் சேர்கிறது. கணைக்கால் இரும்பொறைக்கும் நம் நூல்கள் இதைத்தான் செய்திருக்கின்றன. ஒரு நூலின் குறிப்பில் அவன் குடவாயிலில் சாகிறான். இன்னொரு வழக்கில், பொய்கையார் செங்கணானின் போர்க்களத்தைக் களவழி நாற்பதாகப் பாடி, அவனை உயிரோடு மீட்டுவிடுகிறார். தமிழ் வாத்தியார்கள் எது சரி என்று சண்டை போடுவார்கள். எனக்கு இரண்டு சேரர்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் சேரன் கட்சிக்குப் போக எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மேட்டூர் திறப்பதற்கு ஜூன் 12 என்று தேதி குறித்து வைத்திருக்கிறார்கள். அணை அதை எல்லா வருஷமும் மதிப்பதில்லை. திறந்த தண்ணீரும் கடைமடைக்கு வருவதற்குள் நாற்றங்கால் வெடித்திருக்கும். வந்த பிறகு, மானம் போச்சு என்று யாரும் அதைத் திருப்பி அனுப்பியதில்லை. அதிகாரியில் ஆரம்பித்து மேல்மடைக்காரன் வரைக்கும் வாயார வைதுகொண்டே மடையைத் திறந்துவிடுகிறோம்.