கொழும்புப் பயணம் – 3: போயா நாளில் பெந்தோட்டை

வேலையாக இலங்கைக்குப் போகிறவர்கள் டிக்கெட் போடும் முன் பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்துக்கொள்வது நல்லது. அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. போயா தினம் என்பார்கள். வங்கி, அலுவலகம் எல்லாம் பூட்டியிருக்கும். மது விற்பனை கிடையாது. இது தெரியாமல் போய் ஓட்டல் அறையில் டிவி பார்த்துக்கொண்டு ஒரு பகலை ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். நான் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் தேதி கேட்டிருந்தேன். மாசிப் பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்தது.

நான் போனது சாய வேலைக்காக. திருப்பூரில் எங்கள் பட்டறையில் சாயம் ஏற்றிய நேவி நிறத் துணியும், கட்டுநாயக்கப் பக்கம் ஓர் ஆலையில் சாயம் ஏற்றும் துணியும் ஒரே சட்டையில் சேர வேண்டும். உடம்பு ஒரு ஷேட், காலர் ஒரு ஷேட் என்று வந்தால் ஆர்டரே போச்சு. லைட் பாக்ஸில் வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய மாதிரித் துண்டு, ஓகே ஆனது வியாழன் மாலை. பல்க் லாட்டைத் திங்கள்கிழமைதான் பார்க்க முடியும் என்றார்கள். நடுவில் ஊருக்கு வந்து திரும்பப் போவது வீண் செலவு. முதலாளிக்குப் போன் போட்டேன். வெள்ளியும் சனியும் என் சொந்தக் கணக்கு, கொழும்பு அறையைக் காலி செய்துவிடுகிறேன், அந்த வாடகை பில்லில் வராது என்றேன். "தாராளமாப் போயிட்டு வாங்கம்மா" என்றார். வேலைப் பயணத்தில் சொந்தப் பயணத்தைச் சேர்க்கிறவர்கள் இந்தப் பேச்சை முதலிலேயே முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கடலைப் பார்த்து உட்கார்ந்தாலும் மனசு வவுச்சரிலேயே கிடக்கும்.

எங்கே போவது என்பதை ஆலையின் லேபில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண் தீர்மானித்தாள். "அக்கா, நீங்கள் சாயத்தில வேலை செய்யிறனீங்கள். பெந்தோட்டைக்குப் போய் அந்த ஹோட்டல் கூரையைப் பாருங்கோ. ரயிலில வலப்பக்கமா இருங்கோ, கடல் வந்துகொண்டே இருக்கும்" என்றாள். கடற்கரை ஓட்டலுக்குப் போய்க் கூரையைப் பார்க்கச் சொல்கிறாளே என்று கேட்டேன். "போய்ப் பார்த்திட்டுச் சொல்லுங்கோ" என்று சிரித்தாள்.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து தெற்கே போகும் கரையோர ரயிலில் ஏறினேன். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று ஊர்கள் இடப்பக்கம் நகர, வலப்பக்கம் முழுக்கக் கடல். பல இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே கொட்டிவைத்த கருங்கற்கள் மட்டும்தான். பெட்டிக்குள் பாதிப் பேர் வெள்ளை உடையில் இருந்தார்கள். பாட்டிகள், கைக்குழந்தையோடு தாய்மார், தட்டில் தாமரை மொட்டு வைத்திருந்த பையன்கள். களுத்துறையில் பெட்டியே காலியானது. களு கங்கைப் பாலத்தை ஒட்டி அங்கே பெரிய விகாரை இருக்கிறது. உள்ளே ஆள் நடமாடும்படி கூடாகக் கட்டிய அதன் வெள்ளைத் தாதுகோபம் ரயிலிலிருந்தே தெரிகிறது.

களுத்துறை தாண்டியதும் தென்னந்தோப்புகளின் தலையைப் பார்க்க வேண்டும். மரத்துக்கு மரம் உச்சியில் கயிறு கட்டியிருக்கிறார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்க் கயிற்றில் கால் வைத்து, மேல் கயிற்றைக் கையால் பிடித்து, கள் இறக்குகிறவர் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடந்தே போகிறார். ஒவ்வொரு மரமாக ஏறி இறங்க வேண்டியதில்லை. சேர்ந்த கள்ளைக் கலயத்தில் கட்டித் தரைக்கு இறக்குகிறார்கள். இந்தக் கரையோரத்துக் கள்தான் இலங்கையின் தென்னஞ்சாராயத்துக்கு மூலம். கயிறும் அதே தென்னையின் நார். மரம் ஏறும் தொழிலாளியின் உழைப்பை நம் பக்கம் இவ்வளவு கவனமாக யோசித்திருக்கிறோமா என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அளுத்கமையில் இறங்கி த்ரீவீல் பிடித்தேன். ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் மாவட்டம் மட்டுமல்ல, மாகாணமே மாறுகிறது. பெந்தர கங்கைக்கு வடக்கே மேல் மாகாணம், தெற்கே தென் மாகாணம். கடலில் கலக்கும் முன் ஆறு கரைக்கு இணையாகத் திரும்பி ஓடுவதால் நடுவில் நீளமான ஒரு மணல் திட்டு கிடக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. ஆற்று முகத்துவாரத்தில், பழைய டச்சுக் கோட்டை இருந்ததாகச் சொல்லும் மேட்டில் நிற்கிறது அந்த ஓட்டல்.

வாசலில் வண்டி நிற்கும் இடம் இருட்டாக, தாழ்வாக, கோட்டைச் சுவர் போன்ற கரடுமுரடான கல்லோடு இருக்கிறது. கல் படியேறும்போது எதுவும் தெரியாது. மேலே காலெடுத்து வைத்ததும் தலைக்கு மேல் நிறம்! சிவப்பு, ஆரஞ்சு, நீலம், பச்சை என்று மரச்சட்டங்களுக்கு நடுவே கூரை முழுக்க, மெழுகு வைத்துச் சாயம் ஏற்றிய பாத்திக் துணி. அதற்கு அப்பால் நடுமுற்றத்தில் குளமும் ஈழத்தலரி மரங்களும். குளத்துத் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் துணியின் அடிப்பக்கத்தில் ஆடிக்கொண்டே இருந்தது. பெட்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அண்ணாந்து நின்றேன். வரவேற்பில் இருந்த பையன் நாற்காலி கொண்டுவந்து போட்டான். அவனுக்கு இது பழக்கம் போலிருக்கிறது.

இந்தக் கட்டடம் 1969-ல் முடிந்தது. இலங்கை அரசு 1966-ல் சுற்றுலாச் சபையை அமைத்த கையோடு, பெந்தோட்டையைத் திட்டமிட்ட விடுமுறைத் தலமாக்க முடிவெடுத்தது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா இந்த ஓட்டலை மட்டுமல்ல, பக்கத்தில் இன்னோர் ஓட்டலையும், சின்ன ரயில் நிலையத்தையும் வரைந்து கொடுத்தார். பாவா முதலில் வழக்கறிஞர். பிறகு லண்டனில் படித்து, கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. பின்னாளில் இலங்கை நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. 1970களில் நம் மதுரையில் ஒரு கிளப்புக்கும் வரைந்திருக்கிறார். கடற்கரை ஓட்டல் என்றால் கண்ணாடிப் பெட்டி என்று உலகம் நினைத்த காலத்தில் கல், மரம், ஓடு, தாழ்வாரம், முற்றம் என்று தன் ஊரில் இருந்ததை எடுத்துக் கட்டினார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, கூரையைத் துணிக்காரியிடம் ஒப்படைத்தது. ஏனா டி சில்வா 1960களின் தொடக்கத்தில் பாத்திக்கை இலங்கையில் மறுபடி தூக்கி நிறுத்தியவர். அவரை அலங்காரத்துக்குக் கடைசியில் கூப்பிடாமல், கட்டடத்தின் தலையையே கொடுத்திருக்கிறார்கள். இடையில் ஓட்டல் பலவாறு மாற்றப்பட்டு, 2019-ல் பழைய வடிவத்துக்கு மீட்டெடுத்துத் திறந்தபோது கூரைத் துணியையும் அதே வடிவில் புதிதாகச் செய்து பொருத்தியிருக்கிறார்கள்.

வெளிச்சத்தில் நிறம் வெளுக்கும் அளவை நாங்கள் 1 முதல் 8 வரை மார்க் போட்டுச் சொல்வோம். கடற்கரை வெயிலில் எந்தச் சாயத்துக்கும் கஷ்டம்தான். துணி மங்கினால் வழித்து வெள்ளையடித்துவிடாமல், திரும்பவும் மெழுகும் சாயமும் வைத்துச் செய்ய ஆளும் மனசும் அந்த நாட்டில் இருந்ததே, அதற்காக அவர்களைக் கும்பிட வேண்டும்.

அறைக்கு ஆன செலவு அதிகம்தான். ஓர் இரவு மட்டும் என்று நானே வரம்பு வைத்துக்கொண்டிருந்தேன். மாலையில் மணலில் நடந்தேன். தை, மாசியில் இந்தப் பக்கத்துக் கடல் சாது. வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் புரட்டாசி வரை இறங்கக் கூடாது என்று கரையில் இருந்த காவலர் சொன்னார். போயா நிலா எழுந்ததும் உள்ளூர்க் குடும்பங்கள் கரைக்கு வந்துவிட்டன. பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாளே என்று யாரும் உறுத்துப் பார்க்கவில்லை. ஒரு பாட்டி வந்து அவித்த கடலை கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் வந்த த்ரீவீல்காரர் தர்கா டவுன் முஸ்லிம். அவர் வீட்டில் பேசுவது தமிழ். 2014 ஜூனில் இந்தப் பக்கம் முஸ்லிம்கள் மேல் நடந்த கலவரத்தில் அவர் தெருவும் தப்பவில்லையாம். "இப்ப எல்லாரும் தொழிலைப் பார்க்கிறம்" என்று அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார். கொஸ்கொடையில் ஆமைக் குஞ்சு காட்டுகிறார்கள், போவோமா என்றார். முட்டையிலிருந்து வந்த குஞ்சு அந்த வேகத்திலேயே கடலுக்குப் போக வேண்டும். நாம் கையில் வைத்துப் படம் எடுப்பதற்காகத் தொட்டியில் நிறுத்தக் கூடாது. வேண்டாம் என்றேன். பாத்திக் செய்யும் வீடு எதையாவது காட்டுங்கள் என்றதும் அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது.

தென்னைகளுக்கு நடுவே தகரக் கொட்டகை. ஓர் அம்மாவும் மூன்று பெண்களும். வெள்ளைப் பருத்தித் துணியில் பென்சிலால் மயில் வரைந்திருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பில் உருகிய மெழுகைச் சின்ன மூக்கு வைத்த கருவியால் தொட்டு, வெள்ளையாகவே இருக்க வேண்டிய கோடுகளை அந்த அம்மா மூடினார். பிறகு மஞ்சள் சாயம். மஞ்சள் நிற்க வேண்டிய இடத்தில் மெழுகு. பிறகு ஆரஞ்சு, மறுபடி மெழுகு, சிவப்பு. கடைசியில்தான் கருநீலம். வெளிறிய நிறத்திலிருந்து அடர்ந்த நிறத்துக்குத்தான் போக முடியும், திரும்பி வர வழியில்லை. எங்கள் பட்டறையில் சாயத் தொட்டி 60 டிகிரியில் ஓடும். அந்தச் சூட்டில் இங்கே மெழுகு உருகிவிடும். அதனால் எல்லாம் குளிர்நீர்ச் சாயம். சூடு இல்லாத குறையை நேரம் ஈடுகட்ட வேண்டும். அவர் கடிகாரம் பார்க்கவில்லை. துணியின் ஓரத்தை விரலால் நீவி, ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தால் எவ்வளவு இறங்கும் என்று மனசில் கழித்துப் பார்த்துத் தூக்கினார். லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கப் படாதபாடு படுவது இதைத்தான்.

சாயத் தண்ணீர் எங்கே போகிறது என்று த்ரீவீல்காரர் மூலமாகக் கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது. சாயக் கழிவால் எங்கள் நொய்யல் ஆறு எப்படிப் போனது என்று பார்த்து வளர்ந்தவள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் எங்கள் ஊர்ப் பட்டறைகள் மூடப்பட்டபோது அந்த நியாயத்தை உணர்ந்தவள். கொட்டகைக்குப் பின்னால் மணலும் கரியும் போட்ட குழியைக் காட்டினார் அந்த அம்மா. வேலை சின்னது, ஆனால் கிணறு பக்கத்தில்தான் இருக்கிறது. தண்ணீரை முதலில் தொட்டியில் தேக்கி, சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்து, அடியில் நிற்கும் சேற்றைத் தனியாக எடுத்த பிறகே குழிக்கு விடச் சொன்னேன். அளவை நோட்டில் எழுதிக்கொண்டார். பதிலுக்கு மெழுகு எந்தப் பதத்தில் கோடு கசியாமல் நிற்கும் என்று என் கையில் கருவியைக் கொடுத்துக் காட்டினார். தேன்மெழுகு கூடினால் வளைந்து கொடுக்கும், பாரஃபின் கூடினால் வெடித்து நீலம் உள்ளே நரம்பு நரம்பாக ஓடும். எது எங்கே வேண்டும் என்பதை வைத்துத்தான் கலக்கிறார்கள்.

ஒரு திண்டு உறை வாங்கினேன். வழக்கப்படி வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்தேன். கொட்டகையே என் கையைப் பார்த்தது. கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. சொன்ன விலையைக் கொடுத்தேன்.

அளுத்கமையில் கொறக்காப் புளி போட்டு வற்றவைத்த மீனும் சிவப்பரிசிச் சோறும் சாப்பிட்டுவிட்டு, மதியம் பாவாவின் லுனுகங்கா தோட்டத்துக்குக் கிளம்பினோம். 1948-ல் அவர் வாங்கி, சாகும்வரை செதுக்கிக்கொண்டே இருந்த இடம். அதை அடுத்த வாரம் சொல்கிறேன்.